'வெள்ளவத்தையிலிருந்து' என்று வாசிக்க 20 செல் வேண்டும்

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் முப்பது வருடத்துக்கு மேல் ஒப்புநோக்காளராக இருந்தவர். நீரிழிவால் விழித்திரை பழுதாகி, இரண்டு வருடமாக வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிகிறது. தினமும் விரலைக் குத்திச் சீனி பார்க்கிறோம். போனில் செய்தி கேட்கப் பழக்கினோம். 'கேட்கிறது வேற, வாசிக்கிறது வேற' என்று சலித்துக்கொள்கிறார். விரலால் தடவி வாசிக்கும் பிரெயில் டிஸ்பிளே ஒன்றை வாங்கி அனுப்ப ரொறன்ரோவில் இருக்கும் தம்பி தயாராக நிற்கிறான். 40 செல், அதாவது 40 புள்ளிக் கட்டம், உள்ளது 3,000 டொலருக்கு மேல் போகிறது. அச்சடித்த எழுத்தையே விரலில் காட்டும் பழைய இயந்திரம் ஒன்றும் விலைக்கு வந்திருக்கிறதாம். எதை வாங்கச் சொல்வது? இந்த வயதில் அப்பாவால் முடியுமா? அவரும் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: பிரெயிலில் சந்திப்பிழை தெரியுமா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். காசு எங்கும் ஓடிப்போகாது. அதற்கு முன் எனக்கு ஒரு விஷயம் தெரியவேண்டும்: சீனி பார்க்க எந்த விரலைக் குத்துகிறீர்கள்?

பெரும்பாலான வீடுகளில் சுட்டுவிரலின் நுனியைத்தான் குத்துவார்கள். எட்டிப் பிடிக்க வசதியான விரல் அது. ஆனால் பிரெயில் வாசிப்பவருக்கு அதுதான் கண். ஒரே இடத்தில் நாளுக்கு நாள் குத்தினால் தோல் தடித்துவிடும், தொடுவுணர்வும் மழுங்கும். இனி இரண்டு கைச் சுட்டுவிரல்களையும் விட்டுவிடுங்கள். மோதிர விரலிலோ சுண்டுவிரலிலோ, நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, இன்றைக்கே தொடங்கலாம்.

அடுத்தது ஒரு சின்னப் பரிசோதனை. நீரிழிவு நாட்பட்டால் கால் விறைப்பது எல்லோருக்கும் தெரியும். சிலருக்குக் கைவிரலும் மரத்துப்போகும். பிரெயில் புள்ளியின் உயரம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர்தான். ஒரு எழுத்துக்குள் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் இரண்டரை மில்லிமீற்றர். இதை அப்பாவின் விரல் பிரித்து உணருமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஐரோப்பாவிலிருந்து வரும் மருந்துப் பெட்டிகள் சிலவற்றில் மேடான புள்ளிகள் இருக்கும். மருந்தின் பெயரைப் பிரெயிலில் போடவேண்டும் என்பது அங்கே சட்டம். உங்கள் மருந்து அலுமாரியில் அப்படி ஒரு பெட்டி இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அப்பா அதைத் தடவட்டும். என்ன எழுத்து என்று கேட்காதீர்கள். 'இங்கே ஒரு புள்ளியா, இரண்டா?' என்று மட்டும் கேளுங்கள். பத்துத் தடவையில் ஏழு எட்டுச் சரியாக வந்தால் விரல் நன்றாக இருக்கிறது. எல்லாம் ஒரே சொரசொரப்பாகத் தெரிந்தாலும் மனம் உடையவேண்டாம், பழகாத விரல் அப்படித்தான் சொல்லும். இரண்டு கிழமை பழகிய பிறகும் அதே நிலை என்றால் வைத்தியரிடம் விறைப்பைப் பற்றிப் பேசுங்கள். பெரிய புள்ளிகளில் அச்சிடும் பிரெயிலும் உண்டு.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்குப் பார்வை போனது ஒன்பது வயதில், அதனால் நான் தப்பிவிட்டேன். என்னிடம் படிக்க வந்தவர்களில் அறுபதைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். எல்லோரும் கடைசிவரை வந்தார்கள் என்று பொய் சொல்லமாட்டேன், பாதி வழியில் விட்டவர்கள்தான் அதிகம். விட்டவர்களில் பலருக்குக் கற்றுக்கொள்ளச் சொன்னது பிள்ளைகள். தாமே கேட்டு வந்தவர்கள் நின்று பிடித்தார்கள். உங்கள் அப்பா தாமே கேட்கிறார், அதுவும் சந்திப்பிழை தெரியுமா என்று கேட்கிறார். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

'கேட்கிறது வேற, வாசிக்கிறது வேற' என்று அவர் சொல்வது முழு உண்மை. என் போனில் வரும் தமிழ்க் குரலுக்கு 'மனம்', 'மணம்' இரண்டும் ஒன்றுதான். காதால் மட்டும் படித்து வளரும் பிள்ளைகளுக்கு எழுத்துப்பிழை மலிந்துவிடுவதை வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். முப்பது வருடம் ல, ள, ழ பார்த்துப் பார்த்துத் திருத்திய மனுஷனுக்கு இந்தக் குரல் எவ்வளவு எரிச்சலாக இருக்கும்! அதற்காகப் போனைத் தூக்கி வைக்கச் சொல்லவில்லை. தினசரிச் செய்திக்கும் கடிதத்துக்கும் போன் போதும். கணினி இருந்தால் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள் இலவசம், தமிழும் பேசும், பின்னால் பிரெயில் டிஸ்பிளே வந்தால் அதோடும் சேரும். ஆனால் எழுத்தோடு இருக்கவேண்டும் என்ற ஆசைக்குக் காதில் மருந்தில்லை.

சரி, தமிழ்ப் பிரெயில் எப்படி இருக்கும் என்று அப்பாவுக்கு நீங்களே வாசித்துக் காட்ட ஒரு சொல் தருகிறேன். ஒரு செல்லில் ஆறு புள்ளிக்கு இடம். இடப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில்தான் நமது தமிழுக்கும். அதில் 'அ' என்றால் 1ஆம் புள்ளி மட்டும். 'ம' என்றால் 1, 3, 4. 'ஆ' என்றால் 3, 4, 5. மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனியாக ஒரு செல் உண்டு, அதில் 4ஆம் புள்ளி மட்டும் இருக்கும். அது எழுத்துக்கு முன்னால் வரும். ஆகவே 'அம்மா' என்பது இப்படிப் போகும்: அ, புள்ளி, ம, ம, ஆ. தாளில் மூன்று எழுத்து, விரலில் ஐந்து செல்.

இதில் இரண்டு வழுக்கல் இடங்கள் இருக்கின்றன. 'அ' என்பது இடப்பக்கம் மேலே ஒற்றைப் புள்ளி, மெய்ப்புள்ளி என்பது வலப்பக்கம் மேலே ஒற்றைப் புள்ளி. தனியாகத் தொட்டால் எது எது என்று தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. பக்கத்து எழுத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை வைத்துத்தான் விரல் பிடிக்கும். இதைவிட வேடிக்கை 'ல'வும் 'ள'வும். 'ல' என்றால் 1, 2, 3, அதாவது இடப்பக்க வரிசை முழுவதும். 'ள' என்றால் 4, 5, 6, வலப்பக்க வரிசை முழுவதும். இரண்டுமே நெட்டுக்கு நிற்கும் மூன்று புள்ளிகள். நாக்கில் மயங்கும் ல-ளவை விரலிலும் மயங்கும்படி வைத்துவிட்டார்களே என்று என் முதல் ஆசிரியரிடம் சண்டை பிடித்திருக்கிறேன். அப்பா இதைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைக்கிறேன்.

இப்போது தம்பி வாங்க நினைக்கும் சாமானுக்கு வருவோம். பிரெயில் டிஸ்பிளேயில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். வரியில் 20, 32, 40, 80 என்று செல்கள். ஒவ்வொரு செல்லிலும் பொதுவாக எட்டு ஊசிகள். கீழேயுள்ள இரண்டும் கணினியில் நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று காட்டுவதற்கு, தமிழுக்கு ஆறு போதும். ஒவ்வொரு ஊசியின் அடியிலும் மெல்லிய பீங்கான் பட்டை ஒன்று இருக்கிறது. அதற்கு 200 வோல்ட் அளவில் மின்னழுத்தம் கொடுத்தால் அது மயிரிழை அளவு வளையும், ஊசி மேலே எழும்பும். மின்னோட்டம் மிகச் சொற்பம், அதனால் விரலில் அடிக்காது. வரியை வாசித்து முடித்துப் பொத்தானை அழுத்தினால் எல்லா ஊசியும் ஒரு நொடிக்குள் மாறி அடுத்த வரி வந்துவிடும். 40 செல் என்றால் 320 ஊசி, 320 பட்டை. விலை ஏன் யானை விலை என்பது இதில் விளங்கும். ஓர்பிட் ரீடர் என்ற 20 செல் கருவி வேறு முறையில் செய்யப்பட்டு, முதலில் வந்தபோது 450 அமெரிக்க டொலர் அளவில் விற்றது. இப்போது அதைவிடக் கூட. ஊசி மாறும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும், வேகமும் கொஞ்சம் குறைவு. புள்ளிகள் மட்டும் நன்றாகத் திண்ணென்று இருக்கும். புதிதாகப் பழகும் விரலுக்கு அது பிடிக்கும்.

அப்படியானால் மலிவானதை வாங்கலாமே என்பீர்கள். இங்கேதான் தமிழ் குறுக்கே வருகிறது. 'வெள்ளவத்தையிலிருந்து' என்ற சொல்லை எடுங்கள். வ, எ, புள்ளி, ள, ள, வ, புள்ளி, த, த, ஐ, ய, இ, ல, இ, ர, உ, புள்ளி, ந, த, உ. எண்ணிப் பாருங்கள், சரியாக 20 செல். 20 செல் கருவியில் அந்த ஒரு சொல்லோடு வரி முடிந்தது, அடுத்த சொல்லுக்கு முன் விடும் இடைவெளிக்குக்கூட இடமில்லை. 'படித்துக்கொண்டிருக்கிறார்கள்' என்றால் 28 செல், இரண்டாக முறியும். ஆங்கிலத்தில் சுருக்கெழுத்துப் பிரெயில் இருக்கிறது, 'the' என்ற முழுச் சொல்லே ஒரு செல்லில் அடங்கிவிடும். அவர்கள் 20 செல் போதும் என்று எழுதும் விமர்சனங்களைத் தமிழ் வாசிப்பவர் அப்படியே நம்பக்கூடாது. நான் 40இல் வாசிக்கிறேன். 20இலும் வாசித்திருக்கிறேன். வரிக்கு இரண்டு சொல் வாசித்து ஒரு தடவை பொத்தானை அழுத்துவது, மூன்று சில்லு ஓட்டோவில் காலி வீதியில் மாலை ஐந்து மணிக்குப் போவது மாதிரி. போய்ச் சேரலாம்.

ஆக, கடைசியில் 40 செல்தான் அவருக்குச் சரி. ஆனால் அந்தக் கடைசி இன்றைக்கு இல்லை. எழுத்தே பழகாதவருக்கு முன்னால் 3,000 டொலர் கருவியை வைத்தால், முதல் மாதத்திலேயே 'இவ்வளவு காசு போட்டும் எனக்கு வரவில்லையே' என்ற குற்றவுணர்வு வந்துவிடும். பெட்டிக்குள் திரும்பிப்போன கருவிகள் எனக்குத் தெரிந்து கொழும்பிலேயே மூன்று இருக்கின்றன. மூன்றும் வெளிநாட்டிலிருந்து அன்போடு வந்தவை.

இன்னொன்று, பழுது. என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய 40 செல். அதைக் கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைத்து, காலிமுகத்திடலில் வாங்கி வந்த இறால் வடையைச் சாப்பிட்டுக்கொண்டே வாசித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படித்தான் நடந்தது. சில நாளில் ஒரு செல்லில் 3ஆம் புள்ளி எழும்புவதை நிறுத்தியது. ஒரு செய்தியில் யாரோ மாடிப்படியில் விழுந்து 'சண்டையில் காயம்' என்றிருந்தது. மாடிப்படியில் எங்கே சண்டை என்று குழம்பிவிட்டேன். 1, 3, 4 என்ற 'ம'வில் 3 எழும்பாவிட்டால் 1, 4 ஆகிவிடும், அது 'ச'. மண்டைதான் சண்டை ஆகியிருந்தது. அந்தச் செல்லை மாற்ற வெளிநாட்டுக்கு அனுப்பி, ஐந்து மாதம் கருவியில்லாமல் இருந்தேன். திருத்தக் கொடுத்த இடத்தில் கடிதத்துக்குப் பதில்கூட ஒழுங்காக வரவில்லை. ஆகவே தம்பி வாங்கும்போது கேட்கவேண்டியது இதுதான்: உத்தரவாதம் கனடாவில் மட்டுமா, இலங்கையிலிருந்து அனுப்பினாலும் பார்ப்பார்களா? வந்த பிறகு கை கழுவாமல் தொடக்கூடாது, வேலை முடிந்தால் மூடி வைக்கவேண்டும். வெள்ளவத்தை உப்புக் காற்று குளிர்சாதனப்பெட்டிக் கதவையே தின்கிறது, இந்த ஊசிகள் எம்மாத்திரம்?

அந்தப் பழைய இயந்திரம் ஒப்டகோன் என்று நினைக்கிறேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் லின்வில், பார்வையில்லாத தன் மகளுக்காக யோசித்துச் செய்தது. வலக்கையில் சின்னக் கமெரா ஒன்றைப் பிடித்து அச்சு வரிமேல் நகர்த்தவேண்டும். இடக்கைச் சுட்டுவிரல் ஒரு பள்ளத்தில் இருக்கும். அங்கே 24 வரிசையில் ஆறாறாக 144 ஊசிகள் அதிர்ந்து, கமெரா பார்க்கும் எழுத்தின் வடிவத்தை அப்படியே விரலில் வரையும். எந்த மொழியானாலும் சரி. ஒருமுறை விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன். தமிழ் 'ழ' விரலடியில் சுழித்துக்கொண்டு போனது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் 1996இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது, உதிரிப்பாகம் கிடைக்காது, பழகவும் மிகக் கஷ்டம். ஆசைக்கு வைத்திருக்கலாம், அப்பாவுக்கு வாங்கவேண்டாம்.

இப்போது வாங்கவேண்டியது இரண்டு சாமான். ஒன்று பிரெயில் ஸ்லேட்டும் எழுத்தூசியும், விலை ஒரு பொருட்டே இல்லை. கட்டங்கள் போட்ட சட்டத்துக்குள் தாளைச் செருகி ஊசியால் குத்துவது. புள்ளி தாளின் மறுபக்கம் எழும்புவதால் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதவேண்டும். எல்லோரும் இதில்தான் தலையைச் சொறிவார்கள். உங்கள் அப்பா ஈய எழுத்துக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவராக இருந்தால், அச்சுக்கோப்பவர்கள் தலைகீழ் எழுத்தை வாசிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பார். அவருக்குப் புதிதாக இருக்காது. பழைய நாட்காட்டித் தாள் தடிப்பாக இருக்கும், பழக அது போதும்.

மற்றது பேர்கின்ஸ் பிரெயிலர். 1951இலிருந்து பெரிய மாற்றமில்லாமல் வரும் தட்டச்சு இயந்திரம். ஆறு புள்ளிக்கு ஆறு விசை, கிட்டத்தட்ட 5 கிலோ பாரம், விழுந்தாலும் சாகாது. இதில் எழுத்து நேராகவே வரும், தட்டிய உடனே விரலை வைத்துப் பார்க்கலாம். தம்பிக்கு இப்போதே ஏதாவது அனுப்பியாகவேண்டும் என்றால் இதை அனுப்பட்டும், பாவித்ததானாலும் பரவாயில்லை. ஒரு நாள் அப்பா வேண்டாம் என்றாலும் இன்னொருவருக்குப் பயன்படும்.

ஆசிரியர் கட்டாயம் வேண்டும். 1912இல் தொடங்கப்பட்டு, இரத்மலானையில் இயங்கும் செவிப்புலன், விழிப்புலனற்றோர் பாடசாலையிலும், கொழும்பு 2இல் கொம்பனித்தெருப் பக்கம் இருக்கும் விழிப்புலனற்றோர் கவுன்சிலிலும் கேளுங்கள். முதல் இடத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து 100, 101 பஸ்ஸே போகும். போவதற்கு முன் போன் பண்ணி, 'தமிழ்ப் பிரெயில், வயதானவருக்கு, வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்?' என்று அப்படியே கேளுங்கள். சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கிடைப்பதுபோல் தமிழுக்குச் சட்டென்று ஆள் கிடைக்காது, இரண்டு மூன்று தடவை கேட்கவேண்டிவரும். கண் வைத்தியசாலை கிளினிக்கையும் விடவேண்டாம். இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தைக் காப்பது தனி வேலை.

பழகும்போது ஒரு நேரத்துக்குக் கால் மணித்தியாலம், காலையும் மாலையும். அதற்குமேல் விரல் மரத்துப்போகும். அழுத்தித் தேய்க்கக்கூடாது, பூனையைத் தடவுவதுபோல் மெதுவாக இடமிருந்து வலம். மேலும் கீழும் விரலை ஆட்டித் தேடும் பழக்கம் ஒட்டிவிட்டால் பிறகு போகாது. நீங்களும் கூடவே படியுங்கள். உங்களுக்குக் கண் இருப்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுத்து முழுவதும் வந்துவிடும். அடுப்படியில் சீனிப் போத்தலிலும் உப்புப் போத்தலிலும் பெயர் குத்தி ஒட்டிவிடுங்கள். எழுத்துகள் அவருக்கு இரண்டு மூன்று மாதத்தில் பிடிபடும். ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்க ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பத்துப் பக்கம் அலுக்காமல் வாசிக்கும் நாளில் தம்பிக்குப் போன் பண்ணுங்கள். அப்போதுதான் அந்த 40 செல்லுக்கு வேலை. பிரெயில் தாளில் ஒரு பக்கத்துக்கு 25 வரிதான், ஒரு நாவலே நாலைந்து தடித்த தொகுதியாகிவிடும். கருவியிலோ அலுமாரி நிறையப் புத்தகம் ஒரு மெமரி கார்டில் அடங்கும். வாங்கும் முன் அது தமிழ் எழுத்தைத் தானே பிரெயிலாக மாற்றுமா, கணினியில் மாற்றித்தான் கொடுக்கவேண்டுமா என்று கடைக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். 'தமிழ் உண்டு' என்று பெட்டியில் போட்டிருந்தாலும், ஒரு பந்தியைக் கொடுத்துக் காட்டச் சொல்லவேண்டும்.

கடைசியாக அப்பாவின் கேள்விக்கு. தெரியும் ஐயா, நன்றாகவே தெரியும். 'கொழும்புக்குப் போனார்' என்று எழுதினால், 'கு'வுக்குப் பிறகு ஒரு மெய்ப்புள்ளிச் செல், அதன் பிறகு 'ப'வுக்கு ஒரு செல், அப்புறம்தான் இடைவெளி. யாராவது அந்தப் 'ப்'பை விட்டிருந்தால் உகரத்தைத் தாண்டியதும் விரல் வெறுந்தாளில் போய் விழும். போன் குரல் இதைக் காட்டாமல் விழுங்கிவிட்டுப் போகும். விரலை ஏமாற்ற முடியாது. எனக்கு வரும் பிரெயில் கடிதங்களில் இப்படி எத்தனை இடத்தில் விழுகிறேன் என்று கேட்காதீர்கள். நீங்கள் பழகி முடித்ததும் அந்தக் கடிதங்களில் ஒரு கட்டு உங்களுக்கு அனுப்புகிறேன்.